இனிப்புக்குச் செய்த அச்சில் கறி நிற்குமா?

பாத்திரக் கடைகளில் விற்கும் சோமாஸ் அச்சுகளைச் செய்கிறவர்கள் யாரும் கறியை மனத்தில் வைத்துச் செய்வதில்லை. பொட்டுக்கடலை மாவும் சர்க்கரையும் ஏலக்காயும் தேங்காய்த் துருவலும் கலந்த பூரணம் காய்ந்த சரக்கு. ஓரம் கொஞ்சம் வாய் பிளந்தாலும் நாலு துகள் எண்ணெயில் விழும், அவ்வளவுதான். கறி அப்படி விடாது. அதில் கொழுப்பு உண்டு, மசாலா வதங்கிய எண்ணெய் உண்டு, எவ்வளவு வற்ற வைத்தாலும் உள்ளே கொஞ்சம் ஈரம் உண்டு. சட்டியில் சூடு ஏறியதும் அந்த ஈரம் ஆவியாகி, ஒட்டு எங்கே பலவீனமோ அங்கே போய் முட்டும். வழி கிடைத்துவிட்டால் மசாலா வெளியே, எண்ணெய் உள்ளே. கறி வைத்து அரைவட்டமாக மூடிப் பொரிக்கும் பட்டீஸைக் கையில் எடுத்தாலே கனக்கும், கடித்தால் எண்ணெய் வடியும்.

ஆகவே என் வீட்டில் இருக்கும் மூன்று அச்சுகளைப் பற்றி எழுதும்போது ஒன்றைத்தான் முக்கியமாகப் பார்க்கிறேன்: கறி பட்டீஸ் ஒழுகாமல் வெந்து வருகிறதா? நிறம், பளபளப்பு, பெட்டியின் மேல் போட்டிருக்கும் படம் எல்லாம் அப்புறம்.

எங்களுக்குக் கீழக்கரை. நோன்பு மாதத்தில் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பஜார் பக்கம் சமோசா, ரோல், கட்லெட், வடை எல்லாம் தட்டுத் தட்டாக வந்துவிடும். பட்டீஸை மட்டும் எங்கள் வீட்டில் வெளியே வாங்குவதில்லை. உம்மாவுடைய வாப்பா, அதாவது என் தாய்வழித் தாத்தா, கொழும்பில் கடை வைத்திருந்தவர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை, ரயிலில் தனுஷ்கோடி போய், கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போவார்களே, அந்தக் காலத்து ஆள். அவர் வழியாக வீட்டுக்குள் வந்தது இந்தப் பட்டீஸ். தேங்காய்ப் பாலும் முட்டை மஞ்சள் கருவும் சேர்த்துப் பிசைந்த மாவு, அரைவட்ட வடிவம், உள்ளே மிளகு தூக்கலான கறி. இரண்டு கடியில் முடிந்துவிடும் அளவு.

உம்மா இதைக் கையாலேயே மடிப்பார். ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தி, மடக்கி, மறுபடி அழுத்தி, முறுக்கிக்கொண்டே போவார். இப்போது அவருக்கு விரல் மூட்டுகளில் வலி. நோன்புக்கும் பெருநாளுக்கும் தேவைப்படும் எண்ணிக்கையோ குறையவில்லை. எங்கள் ஊரில் கல்யாணமான பெண் தாய் வீட்டிலேயே இருப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் வீடு மாறி வருவார். அதனால் என் சமையலறையின் தணிக்கை அதிகாரி இன்றைக்கும் உம்மாதான். அச்சு வாங்கலாம் என்று பேச்செடுத்தபோது, “கை இருக்குறப்ப அச்சு எதுக்குமா? அல்லா அஞ்சு விரல் தந்தது மோதிரம் போடவா?” என்றார். மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னதால் நான் அதைத் தடை உத்தரவாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் வந்தது பிளாஸ்டிக் செட். ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் 90 ரூபாய். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று, பச்சை மஞ்சள் ரோஸ் நிறங்களில். பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிட்டது. சிறிய அளவு கிடைப்பது இதில்தான், அதை மறுக்க முடியாது.

ஆனால் அதன் குறை உடம்பிலேயே இருக்கிறது. கைப்பிடிகள் இரண்டும் அரைவட்டத்தின் நடுவில் வருகின்றன. அழுத்தும்போது நடுப்பகுதி நன்றாகக் கடிக்கிறது. மடிப்பை ஒட்டிய இரண்டு மூலைகளும் வளைந்துகொடுத்து விலகி நிற்கின்றன. கறிக்கு அந்த இரண்டு மூலைகள்தான் வாசல். எண்ணெயில் போட்டுச் சற்று நேரத்தில் மூலையிலிருந்து நுரை கிளம்பும். அப்புறம் கைமா துணுக்குகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து அடியில் கருகும். அடுத்த ஈட்டுக்கும் அந்தக் கசப்பு ஏறும். அச்சிலிருந்து எடுத்த பிறகு மூலைகளை விரலால் ஒருமுறை அழுத்திவிட்டால் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொன்றையும் கையால் அழுத்தத்தான் வேண்டும் என்றால் இடையில் அச்சு எதற்கு?

இன்னொன்று, மடிப்பு இருக்கும் இடத்தில் தனி ஆணி கிடையாது. அதே பிளாஸ்டிக்கை மெல்லியதாக்கி மடிய விட்டிருக்கிறார்கள். மடித்து மடித்து அந்தக் கோடு வெளுத்து, நடுத்தர அளவு அச்சில் விரிசலும் விட்டுவிட்டது. கறியின் எண்ணெய்ப் பிசுக்கு போக வெந்நீரில் போட்டால் லேசாக நெளியவும் செய்கிறது.

பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தீபாவளிக்கு இந்தச் செட்டை இரவல் கேட்டார். திருப்பித் தரும்போது மேலே ஒரு தட்டு சோமாஸும் வந்தது. ஒன்றுகூடப் பிரியவில்லை, ஓரம் எல்லாம் கச்சிதம். “நல்லாத்தானே இருக்கு, இதப் போய்க் குறை சொல்றீங்களே” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. இனிப்புப் பூரணத்துக்கு 90 ரூபாய்க்கு இது தாராளம். செட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது ஸ்டீல் அச்சு. ஆன்லைனில் 280 ரூபாய். இதன் கெட்டிக்காரத்தனம் பின்பக்கத்தில் இருக்கிறது. விரித்துக் கவிழ்த்தால் வட்ட விளிம்பு வரும். தேய்த்த மாவின் மேல் வைத்து அழுத்தினால் அச்சுக்குச் சரியான அளவில் வட்டம் வெட்டுப்படும். திருப்பிப் போட்டு, வட்டத்தை அதில் வைத்து, கறி வைத்து மூடிவிடலாம். டம்ளரோ டப்பா மூடியோ தேட வேண்டாம். இந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம் போல முதலில் தோன்றும்.

கெடுப்பது அதன் பற்கள். ஆழமும் கூர்மையும் அதிகம். கறி பட்டீஸுக்கு மாவைச் சுமார் 2 மில்லிமீட்டர் கனத்தில் தேய்க்க வேண்டும். அந்தக் கனத்தில் இந்தப் பற்கள் மாவை அழுத்துவதோடு நிற்பதில்லை, பள்ளம் விழும் இடங்களில் அறுத்தே விடுகின்றன. மூடித் திறந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயில் போட்டதும் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னக் குமிழியாக வரும்போதுதான் தெரியும். சரி என்று 3 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்தால் ஒழுகுவது நிற்கிறது. ஆனால் ஓரத்தில் இரண்டு அடுக்கும் சேர்ந்து தடித்து, மேலே சிவந்த பிறகும் உள்ளே மாவாகவே இருக்கிறது. பிள்ளைகள் ஓரத்தைக் கடித்து வைத்துவிட்டு நடுவை மட்டும் தின்கிறார்கள். என் மகள் மோமோ செய்ய இதைத்தான் எடுக்கிறாள். ஆவியில் வேகிற பண்டத்துக்குத் தடித்த ஓரம் ஒரு பொருட்டில்லை, அதற்கு இது சரியான அச்சு.

விற்பனைப் பக்கத்தில் ‘முழுவதும் துருப்பிடிக்காத ஸ்டீல்’ என்று போட்டிருந்தது. தகடு அப்படித்தான். இரண்டு பாதியையும் இணைக்கும் கம்பி மட்டும் சாதாரண இரும்பு. சீக்கிரத்திலேயே துரு பூத்து, வெட்டிய மாவின் மேல் பழுப்புக் கோடு விழ ஆரம்பித்தது. புகார் எழுதினேன். ‘ஈரமில்லாத இடத்தில் வைத்துப் பயன்படுத்தவும்’ என்று பதில். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு ஈரமில்லாத இடத்துக்கு நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு பெயின்ட் கேட்கிறது. கடைசியில் கம்பியை உருவி எறிந்துவிட்டு, கொல்லரிடம் பித்தளைக் கம்பி வாங்கிப் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது அலுமினிய அச்சு, வார்ப்பு அலுமினியம். பிளாஸ்டிக் வாங்கிய அதே கடையில், மேல் தட்டில் தூசி படிந்த அட்டைப் பெட்டியில் கிடந்தது. 170 ரூபாய். “இதெல்லாம் இப்ப யாரும் கேக்குறதில்லம்மா, எல்லாரும் கலர்தான் எடுக்குறாங்க” என்றார் கடைக்காரர்.

இந்த முறை கடையிலேயே சோதித்துப் பார்த்து எடுத்தேன். பில் காகிதத்தை நீளமாகக் கிழித்து, அச்சின் ஓரத்தில் வைத்து மூடி, கைப்பிடியை அழுத்திக்கொண்டு காகிதத்தை இழுத்துப் பார்ப்பது. வராமல் பிடித்துக்கொண்டால் அந்த இடம் ஒட்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே கறி ஒழுகும். நடுவில் பார்த்தால் போதாது, இரண்டு மூலைகளிலும் பார்க்க வேண்டும். பெட்டியில் இருந்தவற்றில் பாதி இதில் தேறவில்லை. வார்ப்பில் மேடு பள்ளம் இருந்தால் ஒரு பக்கம் மூடும்போது மறுபக்கம் இடைவெளி விடுகிறது. கடைக்காரர் முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் அவரே காகிதம் கிழித்துத் தர ஆரம்பித்தார்.

தேறிய அச்சு அருமையாக வேலை செய்கிறது. ஓரம் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் அகலம், பற்கள் மழுங்கல். மாவை அறுக்காமல், அகலமாகவும் அழுத்தமாகவும் பிடித்து ஒட்டுகிறது. வெளிவிளிம்பு மட்டும் கூர்மையாக இருப்பதால் மிச்ச மாவு தானாகத் துண்டுபட்டுவிடும். எடை இருப்பதால் அழுத்தும்போது வளைவதில்லை, மூலையும் நடுவும் ஒரே மாதிரி மூடுகின்றன. இதில் செய்த பட்டீஸ் சட்டியில் பிரிவது அபூர்வம். அப்படிப் பிரிந்தாலும் காரணம் அச்சாக இருக்காது, ஓரத்தில் பட்ட கறியாக இருக்கும்.

இதிலும் குறை உண்டு. ஆணியில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது. மூடும்போது இரண்டு பாதியும் பக்கவாட்டில் லேசாக விலகினால் பல் மேல் பல் உட்காராது. கைப்பிடியை ஒரு பக்கமாகச் சாய்க்காமல் நேராக அழுத்தப் பழக வேண்டும். வயிறு ஆழம் குறைவு, ஒரு டீஸ்பூன் குவித்து வைக்கலாம், அதற்கு மேல் வைத்தால் மூடாது. கையால் மடிப்பதில் தாராளமாக அதில் ஒன்றரை மடங்கு கறி பிடிக்கும். உம்மாவின் முதல் ஆட்சேபமே இதுதான்: “மாவு திங்கவா கறி வாங்குனோம்?”

அப்புறம் உப்புக் காற்று. இந்த அச்சிலும் ஆணி இரும்புதான். இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் நின்றால் ஆணி துருப்பிடிப்பதோடு, சுற்றியுள்ள அலுமினியமும் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிற வழக்கம் இதற்கு ஆகாது. கழுவியதும் துடைத்து, வெயிலில் சற்று வைத்து, ஆணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, துணியில் சுற்றி மூடி போட்ட டப்பாவில் வைக்கிறேன். புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்க வேண்டாம். பளபளக்கும் என்று செய்வார்கள், அலுமினியத்தைப் புளிப்பு தின்னும். காரமான சோப்புத் தூளில் ஊறப்போட்டால் கருத்துவிடும். பாத்திரம் விளக்கும் சாதாரண சோப்பும் மெத்தென்ற நாரும் போதும்.

எந்த அச்சாக இருந்தாலும் மாவும் கறியும் ஒத்துழைக்காவிட்டால் பிரயோசனம் இல்லை. அரைக் கிலோ மைதாவுக்கு 75 கிராம் வெண்ணெய் அல்லது டால்டா, ஒரு மஞ்சள் கரு, ஒரு டீஸ்பூன் உப்பு. முதலில் கொழுப்பை மாவில் தேய்த்துக் கலக்க வேண்டும். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அப்புறம் கெட்டித் தேங்காய்ப் பால், கிட்டத்தட்ட 200 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக. பூரி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக நிறுத்திக்கொள்ளலாம். ஈரத்துணி மூடி அரை மணி நேரம் வைத்தே ஆக வேண்டும். வைக்காமல் தேய்த்தால் வட்டம் வெட்டிய கையோடு சுருங்கும், அச்சின் ஓரம் வரை எட்டாது. ஒழுகுவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சுருக்கம்தான், பழி மட்டும் அச்சு மேல் விழுகிறது.

கறி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மெஷினில் அரைத்த கைமா வேண்டாம். எலும்பில்லாத ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ அரைக் கிலோ வாங்கி, கத்தியால் பொடியாக நறுக்க வேண்டும். மெஷின் கைமா வெந்ததும் கூழாகிவிடும், நறுக்கிய கறி துணுக்குத் துணுக்காக நின்று பல்லுக்கு வேலை கொடுக்கும். இஞ்சி பூண்டு, மஞ்சள், மிளகாய்த்தூள், மல்லித்தூள் சேர்த்துக் குக்கரில் வேக வைத்து, மூடியைத் திறந்து தண்ணீர் சுண்டும் வரை கிளற வேண்டும். இன்னொரு சட்டியில் பட்டை, கிராம்பு, சோம்பு, நிறைய வெங்காயம், கறிவேப்பிலை, வாசனைக்கு ரம்பை (பாண்டன்) இலை ஒரு துண்டு. கறியை அதில் கொட்டி, வேக வைத்து உதிர்த்த ஒரே ஒரு உருளைக்கிழங்கையும் சேர்க்க வேண்டும். கிழங்கு அளவைக் கூட்டுவதற்காக அல்ல, மிச்சமிருக்கும் கறி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளத்தான். இரண்டு மூன்று கிழங்கு போட்டுக் கறியைத் தேட வைக்கும் கடைப் பட்டீஸ்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. கடைசியில் புதிதாக இடித்த மிளகு. ரம்பை இலையை எடுத்துப் போட்டுவிட்டு, தட்டில் பரப்பி முழுக்க ஆற விட வேண்டும். வெதுவெதுப்பாக வைத்தால்கூட மாவிலுள்ள வெண்ணெய் இளகி, அச்சில் ஒட்டிக்கொண்டு வரும்.

ஓரத்தில் தண்ணீருக்குப் பதிலாக, மஞ்சள் கரு எடுத்தபின் மிஞ்சும் முட்டை வெள்ளையைத் தடவலாம். சூட்டில் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். கறி வைத்த விரலால் தடவாதீர்கள். ஓரத்தில் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் அந்த இடம் எந்த அச்சுக்கும் ஒட்டாது. நான் ஒரு கை கறிக்கு, ஒரு கை ஓரத்துக்கு என்று வைத்திருக்கிறேன். இந்த அளவுக்கு அலுமினிய அச்சில் 35 முதல் 40 பட்டீஸ் வரும்.

வெட்டியது போக மிஞ்சும் மாவைத் திரட்டி ஒருமுறை தேய்க்கலாம். இரண்டாம் முறை தேய்த்தால் ரப்பராகிவிடும். அதைச் சின்னச் சின்ன டைமன் துண்டுகளாக வெட்டிப் பொரித்துச் சர்க்கரையில் புரட்டிவிட்டால் பிள்ளைகள் பட்டீஸ் சட்டியைச் சுற்றி வராமல் இருப்பார்கள்.

பொரிக்கும்போது நடுத்தரத் தீ. சின்ன மாவுத் துணுக்கைப் போட்டால் உடனே சீறி மேலே வரக்கூடாது, நிதானமாக எழும்ப வேண்டும். சூடு அதிகமென்றால் மேல்தோல் சட்டென்று கொப்பளித்துச் சிவந்து, உள்மாவு பச்சையாக நிற்கும். குறைவென்றால் எண்ணெய் குடிக்கும். எங்கள் ஊர் ஈரக் காற்றில் பொரித்த மொறுமொறுப்பு ஒரு மணி நேரம் நிற்பதே பெரிது. நோன்பு திறக்கும் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் கடைசி ஈட்டை எடுப்பதுதான் நல்லது. அதிகாலையிலேயே பொரித்து ஹாட்பாக்ஸில் வைப்பது வேலைக்கு ஆகாது. உள்ளே வியர்த்து, மாலையில் திறந்தால் எல்லாம் தொய்ந்திருக்கும்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்தில் பெரிய அளவில் செய்யும் பேஸ்ட்டியைப் பார்த்துவிட்டு, பச்சைக் கறியை அப்படியே வைத்து மூடலாமா என்று என் மகள் கேட்டாள். அந்தப் பேஸ்ட்டிக்கு 2011 இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. அதில் மாட்டிறைச்சி குறைந்தது 12.5 சதவீதம், காய்கள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், கறியைப் பச்சையாகத்தான் வைக்க வேண்டும். ஆனால் அது ஓவனில் நெடுநேரம் நிதானமாக வேகிற பண்டம். கறி விடும் சாற்றைக் கிழங்கும் மாவும் உள்ளேயே வாங்கிக்கொள்ளும். நம்முடையது சட்டியில் சில நிமிடங்களில் முடிகிற வேலை. பச்சைக் கறி அதற்குள் வேகாது, அது விடும் தண்ணீர் ஒட்டைப் பிளந்து எண்ணெயைத் தெறிக்க வைக்கும். ஓவன் வைத்திருப்பவர்கள் நம் வெந்த கறியையே வைத்து, மேலே முட்டை தடவி, முள்கரண்டியால் ஒரு குத்துக் குத்தி, 180 டிகிரியில் 25 நிமிடம் வைக்கலாம். நன்றாகத்தான் இருக்கிறது. உம்மா அதை “பன்னு” என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்.

அச்சின் உண்மையான பயன் ஹஜ்ஜுப் பெருநாளில் தெரியும். 2025 இல் அது ஜூன் 7, மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகு கொண்டுவரும் மீன் யானை விலை. அந்த நேரத்தில் குர்பானிக் கறி வருகிறது. ஏழைகளுக்கும் சொந்தங்களுக்கும் உரிய பங்கு போக மிஞ்சுவது ஃப்ரீசர் கொள்ளாது. பச்சைக் கறியாக அடைப்பதைவிடப் பட்டீஸாக்கி அடைத்தால் இடமும் மிச்சம், திடீரென்று விருந்தாளி வந்தால் கவலையும் இல்லை. செய்ததைத் தட்டில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, ஃப்ரீசரில் கல்லாக இறுகிய பிறகு கவரில் கொட்டிக் கட்ட வேண்டும். நேராகக் கவரில் போட்டால் எல்லாம் ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். பொரிக்கும்போது ஐஸ் இளகும் வரை காத்திருக்காமல், வழக்கத்தைவிடத் தீயைக் குறைத்து அப்படியே போட வேண்டும். இளக விட்டால் மாவு ஈரமாகிக் கையோடு வரும்.

ஃப்ரீசருக்குப் போகிறதற்கு அச்சுப் பட்டீஸ் கை மடிப்பைவிட மேல். ஓரம் சீரான கனத்தில் இருப்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். கை முறுக்கில் முறுக்கு விழுந்த இடம் தடித்து, ஐஸ் நிலையிலிருந்து பொரியும்போது கடைசியில் வேகிறது. இதைச் சொன்னால் உம்மா ஏற்றுக்கொள்ள மாட்டார். சூடாகச் செய்து சூடாகத் தின்பதற்கு அவர் மடிப்புக்கு ஈடு இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த முறுக்கு ஓரம் அடுக்கடுக்காக உதிரும், அச்சு ஓரம் ஒரே தகடாகத்தான் உடையும். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால் இன்றும் அவர்தான் பலகையின் முன்னால் உட்காருகிறார். நான் மாவு தேய்த்துக் கொடுப்பதோடு சரி.

வேகத்தில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். பழகிய கை அச்சைத் தோற்கடிக்கும். பழகாத கைதான் அச்சினால் பிழைக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை உட்கார வைத்தாலும் ஒழுகாத பட்டீஸ் வருகிறது, ஒருவர் தேய்க்க, ஒருவர் வைக்க, ஒருவர் மூட என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்.

தடைக்காலம் முடிந்து சூரை மலிவாகக் கிடைக்கும்போது மீனிலும் செய்வதுண்டு. வேக வைத்து, முள் எடுத்து, உதிர்த்து, வெங்காயத்தோடு வறட்டி எடுத்தால் கறியைவிடக் காய்ந்த சரக்காக இருக்கும், அச்சில் சுலபமாக நிற்கும். இறால் வேண்டாம், வெந்த பிறகும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும்.

அலுமினியத்தில் எனக்குக் கிடைத்தது நடுத்தர அளவு மட்டும்தான். உம்மா செய்யும் இரண்டு கடி அளவுக்கு அது கொஞ்சம் பெரிது. சிறியது வந்தால் எடுத்துவைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன். வந்ததும் போன் செய்வதாகவும், காகிதத்தை வைத்துத் தானே பார்த்து எடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார். இரண்டு கேட்டிருக்கிறேன். ஒன்று கோலாலம்பூரில் இருக்கும் லாத்தாவுக்கு, என் அக்காவுக்கு. அவர் அங்கே கறிபாப் என்னும் மலேசியப் பட்டீஸைத் தின்று பழகி, பட்டீஸில் கோழியும் நிறையக் கிழங்கும் வைக்கிறாராம். அதை உம்மாவிடம் இன்னும் நான் சொல்லவில்லை.